கனமான காவடியும் ஆடும்: டூம் மெட்டலில் ‘குரூவ்’ என்றால் என்ன?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்துக் கோயில் கொட்டகையில் சனிக்கிழமை இரவுகளில் உறுமி மேளக் குழு பயிற்சி எடுக்கும். எல்லாம் பழைய தோட்டத்துப் பிள்ளைகள். தாத்தா பாட்டி பால்மரம் சீவியவர்கள், அப்பாமார் செம்பனைக் குலை வெட்டியவர்கள். அன்று பயிற்சி முடிந்து மைலோ குடித்துக்கொண்டிருந்தபோது பம்பை அடிக்கும் தம்பி கைப்பேசியில் ஒரு ஆல்பத்தைப் போட்டான். கொஞ்ச நேரம் தலையாட்டிக் கேட்டுவிட்டு என்னைப் பார்த்தான்.

“அண்ணே, இதை டூம் மெட்டல்னு சொல்றாங்க. டூம்னா மெதுவா, சோகமாத்தானே இருக்கணும்? இது ஆட வைக்குதே. அப்புறம் எப்படி டூம்?”

பக்கத்தில் இருந்த இன்னொருவன், “வேகமாக்கிட்டாங்க, அதான் கனம் போச்சு” என்றான்.

அவன் போட்டது இங்கிலாந்தின் கத்தீட்ரல் குழு 1993-இல் வெளியிட்ட ‘தி எதீரியல் மிரர்’. அந்தக் குழுவின் இரண்டாவது ஆல்பம். டூம் மெட்டல் என்பது மெதுவாக, கனமாக நகரும் ஹெவி மெட்டல் இசை வகை. முதல் ஆல்பத்தில் ஆமை வேகத்தில் நகர்ந்தவர்கள், இதில் ஆட வைக்கும் சத்தமான கிட்டார் இசையான ஹார்ட் ராக் பக்கம் திரும்பினார்கள். முப்பது வருடமாக இதைப் பற்றிப் பேசும்போது மூன்று சொற்களைப் போட்டுக் குழப்புகிறார்கள்: வேகம், கனம், குரூவ். வேகம் கூடினால் கனம் குறையும், ஆட்டம் வந்தால் டூம் போய்விடும் என்பது பரவலான நம்பிக்கை. அது தவறு. ஏன் தவறு என்பது உறுமி அடிக்கும் பிள்ளைகளுக்கு மற்றவர்களைவிடச் சீக்கிரம் புரியும்.

காவடி எடுப்பவரைப் பாருங்கள்

தைப்பூசத்தில் பெரிய காவடி எடுத்து வருபவரிடம் மூன்று விஷயங்களைத் தனித்தனியாகக் கவனிக்கலாம். தோளில் எவ்வளவு சுமை இருக்கிறது என்பது ஒன்று. ஒரு நிமிடத்தில் எத்தனை அடி எடுத்து வைக்கிறார் என்பது இன்னொன்று. அந்த அடிகளை எப்படி வைக்கிறார், நேராக நடக்கிறாரா, காலை மாற்றி மாற்றி வைத்துச் சுழன்று ஆடுகிறாரா என்பது மூன்றாவது.

சுமைதான் இசையில் கனம். அடிகளின் எண்ணிக்கை வேகம். அடி வைக்கும் விதம் குரூவ். ஒன்றை மாற்றினால் மற்ற இரண்டும் தானாக மாறிவிடாது. காவடி கனமாக இருப்பதால் ஆட முடியாது என்று நம் ஊரில் யாரும் சொல்ல மாட்டார்கள். உறுமி ஏறும்போது அந்தச் சுமையோடுதான் அவர் சுழல்கிறார். சுமை இருப்பதால்தான் அந்தச் சுழற்சியைப் பார்க்கும்போது நமக்கு மெய் சிலிர்க்கிறது.

இந்த மூன்றையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்ப்போம்.

கனம் எங்கிருந்து வருகிறது

டூம் மெட்டல் என்ற வகை பிளாக் சபாத் என்ற இங்கிலாந்துக் குழுவிலிருந்து பிறந்தது. பர்மிங்ஹாம் நகரத்துத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் நால்வர், 1970-இல் முதல் ஆல்பம். அவர்களின் கிட்டார்காரர் டோனி அயோமி பதினேழு வயதில் தகரத் தகடு வேலை செய்யும் தொழிற்சாலையில் இயந்திரத்தில் கை மாட்டி, வலது கையின் நடுவிரல், மோதிர விரல் நுனிகளை இழந்தார். அவர் இடது கைப் பழக்கம் உள்ளவர். அதனால் தந்தியை அழுத்திப் பிடிக்க வேண்டிய கையே காயப்பட்டுவிட்டது. பிளாஸ்டிக் புட்டியை உருக்கி விரல் நுனிக்குத் தொப்பி செய்து மாட்டிக்கொண்டார். மெல்லிய தந்திகளைப் போட்டார். பிறகு தந்திகளைத் தளர்த்தியும் வாசிக்கத் தொடங்கினார். தோட்டத்து ஆலையில் விரலை இழந்தவர்களைப் பார்த்து வளர்ந்த எனக்கு, இந்தக் கதையைப் படித்த அன்று தூக்கம் வரவில்லை.

தந்தியைத் தளர்த்தினால் சுருதி இறங்கும். 1971-இல் வந்த மூன்றாவது ஆல்பத்தில் பல பாடல்களுக்கு அயோமி கிட்டாரை மூன்று அரைஸ்வரம் இறக்கினார். கீபோர்டில் வெள்ளைக் கட்டை, கருப்புக் கட்டை எல்லாவற்றையும் சேர்த்து எண்ணி மூன்று கட்டை இடது பக்கம் போவது மாதிரி. வழக்கமான டியூனிங்கில் கிட்டாரின் தடித்த தந்தி நொடிக்கு ஏறக்குறைய 82 முறை அதிரும். இப்படி இறக்கினால் 69 முறை. அதிர்வு குறையக் குறைய ஒலி காதைத் தாண்டி நெஞ்சில் படுகிறது. உறுமியின் வளைந்த குச்சியைத் தோலில் தேய்க்கும்போது எழும் அந்த முனகல் வயிற்றில் கேட்கிறதே, அதே உணர்வு.

இரண்டாவது, டிஸ்டார்ஷன். கோயில் திருவிழாவில் குழாய் ஸ்பீக்கரை அளவுக்கு மீறி ஏற்றினால் குரல் பிசிறும். கருவியால் தாங்க முடியாத அளவுக்கு ஒலி போகும்போது, ஒலி அலையின் உச்சி வெட்டப்பட்டுத் தட்டையாகிவிடுகிறது. வெட்டப்பட்ட இடத்தில் புதிய மேல் ஸ்வரங்கள் முளைக்கின்றன. அதுதான் பிசிறல். கிட்டாரின் ஒலியைப் பெருக்கும் ஆம்பில் இதை வேண்டுமென்றே செய்வதற்குப் பெயர் டிஸ்டார்ஷன். இதனால் கிடைக்கும் இன்னொரு நன்மையைப் பலர் கவனிப்பதில்லை: உச்சி வெட்டப்படுவதால், மீட்டிய கணத்தின் சத்தத்துக்கும் பிறகு தேய்ந்து போகும் சத்தத்துக்கும் இடையே உள்ள வித்தியாசம் குறைகிறது. ஒரு முறை மீட்டினால் ஸ்வரம் நீண்டு நிற்கிறது. டூம் இசைக்கு இந்த நீட்சி மூச்சு மாதிரி.

மூன்றாவது, ஸ்வரங்களுக்கு இடையே உள்ள தூரம். பிளாக் சபாத்தின் முதல் ஆல்பத்தின் முதல் பாட்டு ச-வில் தொடங்கி மேல் ச-வைத் தொட்டுவிட்டுப் பிரதி மத்யமத்தில் வந்து நிற்கிறது. மேலைநாட்டில் இந்த இடைவெளிக்கு டிரைடோன் என்று பெயர். அங்கே கேட்பவர்களுக்கு அமைதியில்லாத ஒலி. அதே ச, அதே பிரதி மத்யமம் நம் கல்யாணி ராகத்திலும் இருக்கிறது. அங்கே அது எவ்வளவு மங்கலமாகக் கேட்கிறது! ஸ்வரத்தில் பயம் இல்லை, அதை வைக்கும் இடத்தில்தான் இருக்கிறது. மெதுவாக, தனியாக, துணை ஸ்வரம் எதுவும் இல்லாமல் வைத்தால் நடுங்க வைக்கும்.

ஆக, கனத்துக்கான காரணங்கள் தாழ்ந்த சுருதி, நீண்டு நிற்கும் பிசிறல், அமைதியில்லாத இடைவெளி. இதில் எதற்கும் வேகத்தோடு நேரடிச் சம்பந்தம் கிடையாது.

மெதுவான இசை ஏன் பயமுறுத்துகிறது

அப்படியானால் டூம் ஏன் மெதுவாக இருக்கிறது? வேகத்தை அளக்க பிபிஎம் என்று ஒரு கணக்கு உண்டு. ஒரு நிமிடத்தில் எத்தனை எண்ணிக்கை என்பதுதான் அது. 60 பிபிஎம் என்றால் நொடிக்கு ஒன்று. ஓய்வாக உட்கார்ந்திருப்பவரின் நாடித் துடிப்பை ஒட்டியது.

மேஜையில் நொடிக்கு ஒரு முறை தட்டி நாலு எண்ணிப் பாருங்கள். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. இப்போது மூன்றாவதில் மட்டும் பலமாக அடியுங்கள். டிரம்ஸில் அந்தப் பலமான அடியைப் போடும் கருவி ஸ்னேர், சுள்ளென்று கேட்கும் சின்ன டிரம். ஒரு பலமான அடிக்கும் அடுத்ததுக்கும் நடுவே நாலு நொடி ஓடுகிறது.

இங்கேதான் சூட்சுமம். இரண்டு அடிகளுக்கு இடையே இரண்டு நொடிக்கு மேல் போய்விட்டால் நம் உடம்பு அதைத் தாளமாகப் பிடிக்கத் தடுமாறும். அடுத்த அடி எப்போது விழும் என்று கால் ஊகிக்க முடியாமல் போகும். அடிகள் தனித்தனிச் சம்பவங்களாக விழும். அந்தக் காத்திருப்புதான் டூம் தரும் பயம். இருட்டில் பக்கத்து அறையில் யாரோ நடக்கிறார்கள், அடுத்த காலடி எப்போது கேட்கும் என்று தெரியாது. அதே உணர்வு.

கத்தீட்ரலின் முதல் ஆல்பம் ‘ஃபாரெஸ்ட் ஆஃப் ஈக்விலிப்ரியம்’, 1991-இல் வந்தது, இந்த உணர்விலேயே கட்டப்பட்டது. புல்லாங்குழலோடு மெல்லத் தொடங்கும். அப்புறம் மலை சரிவது போல நகரும். பத்து நிமிடத்தைத் தாண்டும் பாட்டும் அதில் உண்டு. இதைப் பாடிய லீ டோரியன் அதற்கு முன் நேபாம் டெத் குழுவில் இருந்தவர். உலகத்திலேயே அதிவேகமாக வாசித்த குழுக்களில் அது ஒன்று. அங்கிருந்து விலகி 1989-இல் கவன்ட்ரி நகரத்தில் கத்தீட்ரலைத் தொடங்கி, வேகத்தின் மறுகோடிக்கே போனார். எனக்கு இது பெரிய துணிச்சலாகத் தெரிகிறது. கைவந்த வித்தையை ஓரமாக வைத்துவிட்டு, அதற்கு நேர் எதிரானதைக் கற்றுக்கொள்ள எத்தனை பேருக்கு மனம் வரும்?

குரூவ்: அடி எங்கே விழுகிறது

இப்போது முக்கியமான இடத்துக்கு வருவோம். குரூவ் என்றால், தாளத்தின் மேல் அடிகளை வைக்கும் விதத்தால் உடம்பு அசைய வேண்டும் என்று தோன்றும் உணர்வு. எவ்வளவு வேகம் என்ற கேள்வி இங்கே இல்லை, எந்த இடத்தில் என்பதுதான் கேள்வி.

மறுபடி மேஜைக்குப் போங்கள். நாலு எண்ணுங்கள். இந்த முறை இரண்டிலும் நாலிலும் பலமாக அடியுங்கள். இதற்குப் பேக்பீட் என்று பெயர். ஹார்ட் ராக் இசையின் முதுகெலும்பு இது. இப்போது பலமான அடி இரட்டிப்பு முறை வருகிறது. 60 பிபிஎம்மிலேயே இரண்டு நொடிக்கு ஒரு தடவை விழும். எண்ணிக்கையைக் கொஞ்சம் ஏற்றி 90-க்கு கொண்டு போனால் ஒன்றரை நொடிக்கும் குறைவு. உடம்பு பிடித்துக்கொள்ளும். பாட்டை ஓட விட வேண்டிய அவசியமே இல்லை. அடி விழும் இடத்தை மாற்றினால் கேட்பவருக்குப் பாட்டே இரண்டு மடங்கு வேகமானது போலத் தோன்றும். “வேகமாக்கிட்டாங்க” என்று கொட்டகையில் அந்தத் தம்பி சொன்னதில் பாதி இந்த மயக்கம்தான்.

அடுத்தது, தள்ளி எடுப்பது. கர்நாடக இசையில் இதை எடுப்பு என்பார்கள். பாட்டு தாளத்தின் முதல் தட்டிலேயே தொடங்காமல், அரை இடம் கழித்தோ சற்று முன்னதாகவோ தொடங்கும். ராக் இசையில் கிட்டார் ரிஃப் இதைத்தான் செய்கிறது. ரிஃப் என்பது திரும்பத் திரும்ப வரும் சின்ன ஸ்வரத் தொடர். உறுமிக் குழுவில் ஒரே அடியைச் சுற்றிச் சுற்றி வாசித்து ஏற்றுவது மாதிரி. ரிஃபின் ஸ்வரங்கள் டிரம்ஸ் அடிக்கும் இடத்திலேயே விழுந்தால் அணிவகுப்பு மாதிரி இருக்கும். ஒன்றிரண்டு ஸ்வரங்கள் முந்தியோ பிந்தியோ விழுந்தால், விட்டுப்போன இடத்தை நம் தலை நிரப்புகிறது, தோள் நிரப்புகிறது. நாம் ஆடுவது அந்தக் காலி இடத்தில்தான்.

எவ்வளவு தள்ளினால் நல்லது? 2014-இல் வெளியான ஓர் ஆய்வில் பலவிதமான டிரம்ஸ் அடிகளை மக்களுக்குப் போட்டுக் காட்டி, எதைக் கேட்டால் ஆடத் தோன்றுகிறது என்று கேட்டார்கள். தள்ளலே இல்லாத அடிகளுக்கும் அளவுக்கு மீறித் தள்ளிய அடிகளுக்கும் மதிப்பெண் குறைவு. நடுத்தரமாகத் தள்ளியவற்றுக்குத்தான் அதிகம். நம் உறுமி ஆசிரியர்கள் ஆய்வு எதுவும் படிக்காமலேயே இதைத்தான் சொல்லித் தருகிறார்கள். தாளக்காரர் அடியை நிலையாக வைத்திருக்க வேண்டும், பம்பை விளையாட வேண்டும். இரண்டு பேரும் விளையாடினால் காவடி எடுப்பவர் தடுமாறிவிடுவார்.

மூன்றாவது, நடை. ஒவ்வொரு எண்ணிக்கையையும் தகதிமி என்று நாலாகப் பிரிக்கலாம், தகிட என்று மூன்றாகவும் பிரிக்கலாம். தகிட என்று பிரித்து, நடுவில் இருக்கும் ‘கி’யை மட்டும் சொல்லாமல் விட்டுப் பாருங்கள்: த… ட, த… ட, த… ட. நொண்டிக்கொண்டு துள்ளுவது போல வருகிறதா? புளூஸ், ஜாஸ் இசையில் இதை ஸ்விங் என்கிறார்கள். பிளாக் சபாத்தின் டிரம்ஸ்காரர் பில் வார்டு ஜாஸ் கேட்டு வளர்ந்தவர். அதனால் அவர்களின் மிகக் கனமான பாட்டிலும் ஒரு துள்ளல் ஒளிந்திருக்கும். டூம் பிறந்த வீட்டிலேயே ஆட்டம் இருந்தது. இதை மறந்துவிட்டுத்தான் ஆட்டம் வந்ததும் டூம் செத்தது என்கிறோம்.

சுருக்கமாக: பலமான அடி எத்தனை முறை விழுகிறது, ரிஃப் எங்கே தள்ளி விழுகிறது, ஒரு எண்ணிக்கை எத்தனையாகப் பிரிகிறது. குரூவ் இந்த மூன்றாலும் உண்டாகிறது.

‘தி எதீரியல் மிரர்’ எதை மாற்றியது, எதை விட்டுவைத்தது

இப்போது ஆல்பத்தைப் போட்டால் எல்லாம் தெளிவாகக் கேட்கும். முன்னுரை போன்ற சின்ன இசை முடிந்ததும் வரும் ‘ரைட்’ என்ற பாட்டில் கிட்டார்காரர் கேரி ஜென்னிங்ஸின் ரிஃப் நீண்டு கிடப்பதில்லை. சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டி, நடுவில் மௌனம் வைத்து வருகிறது. ‘மிட்நைட் மவுண்டன்’ இன்னும் ஒரு படி மேலே போய் நேராக ஆட்டத்துக்கே இழுக்கும். இரண்டும் ஏறக்குறைய ஐந்து நிமிடப் பாடல்கள்.

ஸ்வரங்களும் மாறின. ஹார்ட் ராக் என்பது 1960-களின் கடைசியில் புளூஸ் இசையைச் சத்தமான கிட்டாரில் ஏற்றியதால் வந்தது. அதன் ரிஃப்கள் பெரும்பாலும் ஐந்து ஸ்வரங்களில் ஓடும். நம் கணக்கில் எழுதினால் ச, சாதாரண காந்தாரம், சுத்த மத்யமம், ப, கைசிகி நிஷாதம். சுத்த தன்யாசி ராகத்தின் அதே ஐந்து! கமகம் வேறு, பாவம் வேறு, ஆனால் ஏணி ஒன்று. ஹார்ட் ராக் ரிஃப் முதல் தடவை கேட்கும்போதே நமக்குப் பழகியது போல இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நான் நம்புகிறேன்.

பாடும் விதமும் மாறியது. முதல் ஆல்பத்தில் டோரியன் அடித்தொண்டையில் முனகி இழுத்தார். இதில் கரகரப்பு அப்படியே இருக்க, மெட்டும் கூவலும் சேர்ந்தன.

மாறாதது என்ன? தடித்த, பிசிறும், தாழ்ந்த கிட்டார் ஒலி. அமைதியில்லாத இடைவெளிகள். மெதுவாக நகரும் பாடல்களும் ஆல்பத்தில் இருக்கத்தான் செய்கின்றன. எட்டு நிமிடத்தைத் தாண்டும் ‘ஃபான்டஸ்மகோரியா’வைக் கேட்டால், கனம் எங்கும் போகவில்லை என்று சத்தியம் செய்யலாம். காவடி அதே காவடி, அடி வைக்கும் விதம்தான் மாறியது.

இந்த மாற்றம் ஒரே நாளில் வரவும் இல்லை. முதல் ஆல்பத்தில் இருந்த துள்ளலான ஒரு பாட்டையே 1992-இல் மறுபடி பதிவு செய்து ஒரு சிறு வெளியீட்டின் தலைப்புப் பாட்டாக வைத்தார்கள். விதை அங்கேயே இருந்தது. 1995-இல் வந்த மூன்றாவது ஆல்பத்தில் ஒரு பாட்டுக்கு டோனி அயோமியே வந்து கிட்டார் வாசித்தார். டூம் இசையைத் தொடங்கி வைத்தவர், ஆடத் தொடங்கிய இந்தக் குழுவோடு சேர்ந்து வாசித்திருக்கிறார். டூமை விட்டுக்கொடுத்துவிட்டார்கள் என்று சொல்பவர்கள் இதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

இதற்காக முதல் ஆல்பத்தைக் குறைத்துச் சொல்லவில்லை. மழை இரவில் தனியாகக் கேட்க எனக்கு இன்றும் அதுதான். ஆனால் டூமுக்குப் புதியவர் ஒருவர் கேட்டால் இரண்டாவதைத்தான் முதலில் தருவேன். கனம் எது, வேகம் எது, குரூவ் எது என்று பிரித்துக் காட்ட இவ்வளவு வசதியான ஆல்பம் எனக்குத் தெரிந்து வேறு இல்லை.

எப்படிக் கேட்பது

முதலில் கிட்டாரை மறந்துவிட்டு ஸ்னேரை மட்டும் பின்தொடருங்கள். மூன்றில் மட்டும் விழுகிறதா, இரண்டிலும் நாலிலும் விழுகிறதா என்று விரலால் எண்ணுங்கள். ஒரே பாட்டுக்குள் இது மாறும் இடங்களும் இருக்கும். அங்கே பாட்டு திடீரென்று இறங்கியது போலவோ ஏறியது போலவோ தோன்றும். அடுத்த தடவை கேட்கும்போது டிரம்ஸைக் காலில் வைத்துக்கொண்டு ரிஃபைக் கையில் தட்டுங்கள். காலும் கையும் எங்கே சேர்கின்றன, எங்கே விலகுகின்றன என்று பாருங்கள். கைப்பேசி ஸ்பீக்கரில் வேண்டாம். இவ்வளவு தாழ்ந்த அதிர்வு அதில் எடுபடவே எடுபடாது. நல்ல ஹெட்ஃபோன் அல்லது வீட்டில் இருக்கும் பெரிய ஸ்பீக்கர் வேண்டும்.

அன்று கொட்டகையில் நாங்கள் செய்ததும் இதைத்தான். கோயில் ஸ்பீக்கரில் கைப்பேசியை மாட்டி, ‘ரைட்’ பாட்டை மூன்று தடவை போட்டோம். முதல் தடவை எல்லாரும் கைதட்டினார்கள். இரண்டாவது தடவை ஜால்ரா சேர்ந்துகொண்டது. மூன்றாவது தடவை, கனம் போச்சு என்று சொன்னவன் ஒன்றும் பேசாமல் உறுமியை மடியில் எடுத்து வைத்தான். வளைந்த குச்சியை ரிஃபின் கூடவே இழுத்துப் பார்த்தான். ஒட்டவில்லை. அப்புறம் அரை எண்ணிக்கை பிந்தி இழுத்தான். பம்பைக்காரத் தம்பி தலையை நிமிர்த்தி அவனைப் பார்த்தான், குச்சியை எடுத்தான்.